ஒட்டுவதற்கு ஒரு படம்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ராய்னா மாடிப்படி இறங்கி வந்தபோது, காரில் கேமராவின் முக்காலியை ஏற்றிக்கொண்டிருந்த தெமெனுகா வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்தாள். மூன்று நாள் ரொடோப்பி மலையில், சேற்றிலும் சருகிலும் அலையப் போகிற பயணம். மாமியாரோ கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவள் மாதிரி வந்து நின்றாள். முடிதிருத்தும் கடையில் போய்ச் சுருட்டிக்கொண்ட முடி, கருஞ்சிவப்புக் கோட்டு, கழுத்தோரம் குத்திய வெள்ளிப் பூ, உதட்டில் சாயம். கால்களில் மட்டும் மலைக்கு ஏற்ற தடித்த பூட்ஸ்.

“மழை வந்தா இந்தக் கோட்டு என்னத்துக்கு ஆகும் அத்தை?” என்று கேட்டாள்.

“வராது. வந்தா காருக்குள்ள உட்கார்ந்துக்கறேன்,” என்று சொல்லிவிட்டு ராய்னா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அது அவளுடைய இடம். கல்யாணமான நாளிலிருந்து பதினொரு வருஷமாகத் தெமெனுகா பின் இருக்கையில், பைகளோடு பையாகத்தான் மலை ஏறியிருக்கிறாள்.

காரை ஓட்டுகிற கணவன் கலின் எதையும் கவனிக்கவில்லை. மூன்று மலைக்கு அப்பால் பனிமூட்டம் எழும்புவது அவன் கண்ணுக்குத் தப்பாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மா புதுக் கோட்டு போட்டிருந்தால் அது மட்டும் தெரியாது. அவன் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவன்தான். ஆனால் ப்ளோவ்திவ் நகரத்தில் பாதிச் சமையலறைகளில் தொங்குகிற நாட்காட்டியில் அக்டோபரும் நவம்பரும் அவன் எடுத்த படங்கள். அதற்காக வருஷா வருஷம் இலை பழுக்கும் காலத்தில் குடும்பமே மலைக்குப் போகும். நாட்காட்டிக்காரருக்கு மரம் வேண்டும், மலை வேண்டும், மிஞ்சிப்போனால் நாலு ஆடுகள் வேண்டும். மனிதர்கள் மட்டும் கூடாது. ஆகவே குடும்பத்தின் வேலை சாமான் தூக்குவதும், காத்திருப்பதும், படத்தில் விழாமல் ஒதுங்கி நிற்பதும்தான்.

இந்த வருஷம் அத்தையை விட்டுவிட்டுப் போகலாமே என்று தெமெனுகா சொல்லிப் பார்த்திருந்தாள். செவ்வாய்க்கிழமை ராய்னாவுக்கு இதய அறுவை சிகிச்சை. வால்வு மாற்ற வேண்டும். குழாயில் வாஷர் மாற்றுகிற மாதிரி சாதாரண விஷயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வாஷரைக் கலின் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அக்கம்பக்கத்தில் யார் விசாரித்தாலும் வாஷர் கதையைச் சொன்னான். ஒருநாள் ராய்னாவே பொறுக்காமல், “வாஷர் மாத்தறப்போ மெயின் தண்ணியை நிறுத்துவாங்கல்ல?” என்று கேட்டாள். பயணத்துக்கு அவள்தான் வந்தே தீருவேன் என்றாள்.

செப்பெலாரெ ஊரைத் தாண்டியதும் முதல் நிறுத்தம். சரிவு முழுக்கப் பீச் என்னும் காட்டு மரங்கள், மேலே செம்பு நிறம், கீழே இன்னும் பாதிப் பச்சை. கலின் முக்காலியை நட்டு, குனிந்து, ஒரு கண்ணை மூடினான். படத்தின் நட்டநடுவே கருஞ்சிவப்புக் கோட்டு.

“அம்மா, கொஞ்சம் தள்ளு.”

ராய்னா இரண்டடி தள்ளினாள். இன்னும் படத்துக்குள்ளேயே இருந்தாள். இன்னும் தள்ளச் சொன்னான். மூன்றாம் முறை அவள் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றாள். கோட்டின் ஓரம் வெளியே தெரிந்துகொண்டே இருந்தது. அன்று பகல் முழுக்க இதே கூத்துதான். பாலம் வந்தால் பாலத்தின் மேல், வேலி வந்தால் வேலியோரம், எங்கே வெளிச்சம் நன்றாக விழுகிறதோ அங்கே ராய்னா இருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடக் குறுக்கே வராத மனுஷி. வயசாகிறது, கவனம் தப்புகிறது என்று தெமெனுகா நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் எரிச்சலும் பட்டாள். சாமானைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவளுக்குத்தான் ஒவ்வொரு ஐந்து நிமிடமும் எவ்வளவு கனம் என்று தெரியும்.

இன்னொரு புதுப் பழக்கமும் தலைகாட்டியது. எந்த ஊரில் நிறுத்தினாலும் ராய்னா நேரே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். பேருந்துக்காக அல்ல. அங்கேதான் அஞ்சலித் தாள்கள் ஒட்டியிருக்கும். கறுப்புக் கரை போட்ட தாள், மூலையில் படம், பெயர், வயது, கீழே குடும்பத்தார் எழுதிய நாலு வரி. செத்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. கம்பம், மரம், வீட்டுக் கதவு, ரொட்டிக்கடைச் சன்னல் என்று எங்கும் ஒட்டுவார்கள். வெயிலிலும் மழையிலும் வெளுத்து, கிழிந்து, தானாக உதிர்கிற வரைக்கும் இருக்கும்.

ராய்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பரிசோதித்தாள். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவள் மாதிரி இருந்தது பார்க்க.

“இவளைப் பாரு,” என்று தெமெனுகாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அறுபது வயதுப் பெண்மணியின் படம். தோளில் ஒரு கை. கைக்குச் சொந்தக்காரர் இல்லை. “ஏதோ கல்யாணப் படத்துலேருந்து வெட்டியிருக்காங்க. செத்தப்புறமும் எவன் கையோ தோள் மேல.”

பக்கத்தில் ஒரு கிழவருக்கு இருபது வயதுப் பட்டாளத்துப் படம். இதைப் பார்த்து அவருடைய பேரனுக்கே அடையாளம் தெரியாது என்று ராய்னா சொன்னாள். இன்னொருவர் கண்ணை மூடியிருந்தார். அதைக் கண்டதும் அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. உயிரோடு இருந்தபோது ஒரு தரமாவது கண் திறந்திருப்பாரே, பிள்ளைகளுக்கு ஒரு படம் அகப்படவில்லையா என்றாள். அந்தப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் தாளுக்குப் பச்சைக் கரை, பலவற்றில் படமே கிடையாது. “இவங்க பாடு தேவலை,” என்று பெருமூச்சு விட்டாள்.

அவளுக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு. கணவர் மெத்தோதி மூன்று வருஷத்துக்கு முன் போனபோது, வீட்டில் இருபதாயிரம் படங்கள் இருந்தன. எல்லாம் மலை, எல்லாம் மரம். முக்காலி தூக்கியே தோள் தேய்ந்த அந்த மனிதரின் படம் ஒன்றுகூட இல்லை. அவரும்தானே எல்லோரையும் போலத் தள்ளி நின்றார். கடைசியில் அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி ஒட்டினார்கள். கோழி திருடிப் பிடிபட்டவனைப் போல விழித்துக்கொண்டிருந்தார் மெத்தோதி. நாற்பது நாளும் ராய்னா தன் வீட்டுக் கதவைத் தலை குனிந்துகொண்டேதான் திறந்தாள்.

சனிக்கிழமை மதியம் ஷிரோகா லக்காவில், தங்கியிருந்த வீட்டுக்காரி உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட பெரிய அடையை நடுவில் வைத்துவிட்டுப் போனாள். ராய்னா முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

“கலின், என்னை ஒரு படம் எடு. மார்பு வரைக்கும். வாய் மூடி, கண் திறந்து. எதுக்குன்னு உனக்குத் தெரியும்.”

கலின் தன் தட்டைப் பார்த்துக்கொண்டே, மதிய வெளிச்சம் செங்குத்தாக விழும், கண்ணுக்குக் கீழே நிழல் கட்டும், சாயங்காலம் பார்க்கலாம் என்றான். சாயங்காலம் வந்தது. மேகம் வந்துவிட்டது என்றான். மேகம் விலகியது. இப்போது வெளிச்சம் மஞ்சளடிக்கிறது, காமாலைக்காரி மாதிரி விழுவாய் என்றான். ராய்னா ஒவ்வொரு முறையும் சாயத்தை அழித்து, மறுபடி பூசி, கோட்டைத் தட்டிவிட்டு, போய் நின்று, திரும்பி வந்தாள். பிள்ளை தொழில் தெரிந்தவன், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். தெமெனுகாவும் நம்பினாள்.

தெமெனுகா பொறுக்காமல், கைபேசியில் நான் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டுப் பார்த்தாள். ராய்னா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“புள்ளை படக்காரன். கதவுல ஒட்டியிருக்கறது மருமக போன்ல எடுத்தது. ஊர் என்ன பேசும்?” என்றவள், மருமகள் முகம் வாடியதைக் கண்டு குரலைத் தணித்துக்கொண்டாள். “உன்மேல குறை இல்லடி. எனக்குச் சாவு பயம்கூட அவ்வளவு இல்லை. என்னோடது இல்லாத ஒரு மூஞ்சியோட அந்தக் கதவுல நாற்பது நாள் தொங்கணுமேன்னுதான் பயம். நீங்க ரெண்டு பேரும் அதைத் தாண்டித்தானே வேலைக்குப் போகணும்? அவன்கிட்ட நீ சொல்லு. நீ சொன்னா கேப்பான்.”

நான் சொல்லி எதைக் கேட்டான் என்று தெமெனுகாவுக்கு வாய்வரை வந்தது. சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு மாமியாரிடம் ஆயிரம் மனத்தாங்கல் உண்டு. முன் இருக்கை ஒன்று போதாதா. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் முழுக்க முழுக்க மாமியார் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை, திரும்புகிற நாள். ஊருக்கு மேலே புல்வெளி. அதன் எல்லையில் முழங்கால் உயரக் கல்சுவர், சுவருக்குப் பின்னால் வரிசையாகப் பிர்ச் மரங்கள், எல்லாம் மஞ்சள். இரவு பெய்த பனி கரைந்து புல் ஈரமாக இருந்தது. மெல்லிய மேகத்தின் வழியாக வெயில் இறங்கியது, எந்த முகத்திலும் நிழல் விழாத வெயில். ராய்னா சுவரின் மேல் தன் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து தயாராக இருந்தாள்.

கலின் அண்ணாந்து பார்த்தான். “வெளிச்சம் சரியில்லை,” என்றான்.

பதினொரு வருஷம் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் பிரதிபலிப்புத் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் தெமெனுகா. எந்த வெளிச்சத்துக்கு அவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான், எதற்கு உதட்டைப் பிதுக்குவான் என்று அவளுக்குத் தெரியும். இப்படி ஒரு வெளிச்சத்துக்காக இரண்டு வருஷத்துக்கு முன் அவளை நாலு மணி நேரம் குளிரில் நிற்க வைத்தவன் இவன்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. நேற்றும் வெளிச்சம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. காமாலையும் இல்லை, நிழலும் இல்லை.

பேட்டரி எடுக்கவேண்டும் என்று சொல்லி அவனைக் காருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“பொய் சொல்றே.”

அவன் மறுக்கவில்லை. லென்ஸ் மூடியைக் கழற்றினான், போட்டான், கழற்றினான்.

“அந்தத் தாள்ல என்ன இருக்கும்?” என்றான். “பேரு இருக்கும். அது இருக்கு. பிறந்த தேதி, அதுவும் இருக்கு. படம் எடுத்துக் குடுத்துட்டா அதுவும் தயார். அப்புறம் ஒரே ஒரு தேதி மட்டும்தான் பாக்கி. என் கையால செய்யச் சொல்றா, தெமெ. என்னால முடியலை.”

சொல்லும்போதே அவன் கண் நிறைந்துவிட்டது. அப்பாவின் சவ ஊர்வலத்தில் வரவேற்புக்காரன் மாதிரி எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தவன், இப்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். காருக்கு வருகிற வழியெல்லாம் அவனை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்ததற்குத் தெமெனுகா வருத்தப்பட்டாள். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் கோட்டுப் பையிலிருந்தே கைக்குட்டையை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

“நீ எடுக்காட்டி செவ்வாய்க்கிழமை வராம இருந்துடுமா? அவங்க ஆபரேஷன் மேசையில படுத்துக்கிட்டு அடையாள அட்டையையே நினைச்சுக்கிட்டு இருக்கணுமா? மாமாவுக்குப் பண்ணினதை அத்தைக்கும் பண்ணிடாதே. போ. மூக்கைத் துடைச்சுக்கிட்டு போ.”

அவன் போனான். முக்காலியை நடுவதற்கே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டான். ராய்னா முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து, உதட்டை மூடினாள். மூன்று நாளாக ஊர் ஊராகப் பார்த்துப் பாடம் பண்ணின முகம் அவளுக்கு வந்துவிட்டது. அமைதியான முகம், யாரிடமும் எதுவும் கேட்காத முகம். நாலு பக்கமும் கறுப்புக் கரை போட்டால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம். தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற தெமெனுகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படம் எடுக்கச் சொல்லி விரட்டியவள் அவள்தான். இப்போது அவளாலேயே பார்க்க முடியவில்லை.

கலின் கண்ணைக் கேமராவில் வைத்தான். விரல் பொத்தானின் மேல் இருந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. அவன் அழுத்தவில்லை.

“எடுத்துட்டியா?” என்றாள் ராய்னா, உதட்டை அசைக்காமல்.

“இரு.” கேமராவுக்குப் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. “இதை நம்ம கதவுல ஒட்டினதும் தோத்கா வந்து நிப்பாளே. என்னம்மா சொல்வா?”

தோத்கா கீழ்வீட்டுக்காரி. அவர்கள் கட்டடத்தில் எந்தக் கதவில் எந்தத் தாள் ஒட்டினாலும் முதலில் வந்து விரலை வைத்துக் கடைசி எழுத்து வரை படிப்பது அவள்தான். நாற்பது வருஷமாக அவளும் ராய்னாவும் மாடிப்படி கழுவும் முறைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“இப்போ எதுக்குடா அவ பேச்சு? மூஞ்சி கலையும். எடு.”

“சொல்லு. என்ன சொல்வா?”

ராய்னா பொறுத்துப் பார்த்தாள். ஆனால் தோத்கா என்றால் அவளால் சும்மா இருக்க முடியாது. மூக்கைச் சுருக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கீழ்வீட்டுக்காரியின் இழுவைக் குரலை அப்படியே எடுத்தாள்.

“‘ஐயோ, ராய்னா போயிட்டாளா. தங்கமான பொம்பளை. படிக்கட்டுதான் ஒருநாளும் ஒழுங்காக் கழுவினதில்லை. இந்தக் கோட்டு எப்போ வாங்கினா? எங்கிட்ட மூச்சு விடலையே, கல்லுளிமங்கி.’”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, சாவுக்குச் சர்க்கரை போட்டு வேகவெச்ச கோதுமை குடுப்பீங்கல்ல, அதை வாயில போட்டுக்கிட்டு, ‘சர்க்கரை கம்மி. கஞ்சப் புள்ளை. சரி, பாவம், செத்தவளுக்காக இன்னொரு கிண்ணம் குடு’ன்னு…”

முடிக்க முடியவில்லை. தன் குரலில் தோத்காவைக் கேட்டுத் தனக்கே சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்தினாள். அடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். சுருட்டிவிட்ட முடி நெற்றியில் விழுந்தது. தெமெனுகாவும் தட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். கேமரா மட்டும் நிறுத்தாமல் சடசடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

மூச்சு வாங்கியதும் ராய்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, இப்போது ஒழுங்காக எடு என்று மறுபடி முதுகை நிமிர்த்தினாள். கலின் முக்காலியை மடக்கத் தொடங்கியிருந்தான். அவள் எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நாற்பது படமாவது இருக்கும். ஒன்றில் வாய் முழுக்கத் திறந்து, கடைவாயில் பல் விழுந்த சந்து வரை தெரிந்தது. ஒன்றில் கண் இரண்டும் கோடாகிவிட்டது. ஒன்றில் கை முகத்தை மறைத்திருந்தது. மஞ்சள் மரங்களுக்கு முன்னால் ஒரு பொம்பளை தலைகால் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். மூடிய வாயோடு ஒன்றுகூட இல்லை.

“இதுல ஒண்ணைக்கூட ஒட்ட முடியாதுடா.”

“முடியாது,” என்றான் கலின்.

“இப்படிப் பல்லைக் காட்டிக்கிட்டுக் கதவுல தொங்க முடியுமா? ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கும்.”

அவள் திரையிலிருந்து தலையைத் தூக்கி மகனைப் பார்த்தாள். அவன் கண் சிவந்திருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

“வேணும்னே பண்ணினியா?”

கலின் முக்காலியின் திருகை முறுக்கிக்கொண்டே இருந்தான். அது எப்போதோ இறுகிவிட்டது.

“ஒழுங்கான படம் எப்போ எடுப்பே?” என்று ராய்னா கேட்டாள்.

“செவ்வாய்க்கிழமை போயிட்டு வா. வந்ததும் எடுக்கறேன்.”

புல்வெளியில் ஆட்டுமணிச் சத்தம் கேட்டது. ராய்னா நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். சுவரில் விரித்திருந்த கைக்குட்டையை எடுத்து உதறி, நாலாக மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்தாள். எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தாள்.

“வந்ததும் வேண்டாம்,” என்றாள் ராய்னா கடைசியில். “கொஞ்ச நாளைக்கு மூஞ்சி வெளிறிக் கிடக்கும். ஏப்ரல்ல எடு. அதுக்குள்ள இளைச்சிருப்பேன், தாடைச் சதையும் கொஞ்சம் குறையும். வெயில் காலத்துக்கு இந்தக் கோட்டு ஆகாது. நீலத்துல ஒரு ஜாக்கெட் தச்சுக்கறேன்.”

“சரிம்மா,” என்றான் கலின்.